விட்டுப்போன ‘ற்’

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கண்ணாடிக் கதவில் யாரோ இரவோடு இரவாக நீல ஸ்பிரே பெயின்ட் அடித்துவிட்டுப் போன அன்று, சங்கச் செயலாளர் என்ற முறையில் வாட்ஸ்அப்பில் ஒரு கண்டனம் எழுதினேன். ‘பிறர் உடைமையை மதிக்கத் தெரியாத தலைமுறை’ என்று அதில் ஒரு வரி. முப்பத்தேழு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். அந்த வரியை அடிக்கும்போது என் விரல் மட்டும் கொஞ்சம் தயங்கியது. அதற்கு 1984 ஞாபகம் இருந்தது.

அந்த வருடம் டிசம்பர் 24-ம் தேதி நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் ஒன்றாகத் தேர்தல். எனக்கு வயது பத்தொன்பது, ஊர் திருமங்கலம், வேலை சுவர் பிடிப்பது. எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அது யார் யாரோடெல்லாமோ கூட்டு வைத்துவிட்டது, சொன்னாலும் குழப்பம்தான்.

சுவர் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தேர்தல் வாசனை அடித்தவுடனே போய், சுவரின் இரண்டு கோடியிலும் கட்சிப் பெயரை எழுதி, நடுவைப் பார்த்து அம்புக்குறி போட்டு, வருடத்தையும் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு சுவர் நம்முடையது. வீட்டுக்காரரிடம் பட்டா இருக்கலாம், அது உள்பக்கத்துக்கு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. எனக்கு ஆறு வயது மூத்த சட்டம். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதை எழுப்பாமல் எழுதினோம்.

சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து மட்டையால் பட்டை அடித்து, காய்ந்ததும் கலர் பவுடரைப் பசையில் கரைத்து எழுதுவதுதான் வழக்கம். கோடைத் தேர்தலுக்கு அது போதும். கார்த்திகை, மார்கழியில் தேர்தல் வந்தால் ஒரு பக்கம் மழை கரைக்கும், மறுபக்கம் எதிர்க்கட்சிக்காரன் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வருவான். ஆகவே அந்தத் தடவை தாருக்கு மாறினோம். ரோடு போட வந்த பீப்பாயிலிருந்து ஒரு டின் தார். ரேஷன் மண்ணெண்ணெய் விட்டு இளக்கினால் தேன் பதத்துக்கு வரும்.

தெருவிலேயே நீளமான மதில் தலைமையாசிரியர் வீட்டுடையது. கார்த்திகைக்கு வெள்ளையடித்துப் பளீரென்று இருந்தது. எங்களுக்காகவே அடித்ததாக எடுத்துக்கொண்டோம். இரவு இரண்டு மணிக்கு எழுதிவிட்டு, விடிந்ததும் அழகு பார்க்கப் போனேன். வேப்பங்குச்சியும் வாயுமாக அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“இங்க வாடா. நீ எழுதினதா?”

“ஆமா சார்.” பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எட்டாம் வகுப்புப் படித்த பழக்கம்.

“வாசி.”

“அமோக வெற்றி பெறச் செய்வீர்.”

“மனசுல இருக்கறத இல்ல. சுவத்துல இருக்கறத வாசி.”

‘அமோக வெறி பெறச் செய்வீர்’ என்று இருந்தது. இருட்டிலும் அவசரத்திலும் ஒரு ‘ற்’ விட்டுப்போயிருந்தது.

“ஊர் நிலவரத்தைப் பார்த்தா நீ எழுதினதுதான் சரி. ஆனாலும் என் வீட்டுச் சுவத்துல பிழை இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போற பிள்ளைக பார்க்கும். போய் டின்ன எடுத்துட்டு வா.”

டின்னின் அடியில் மண்ணெண்ணெய் எட்டாத கட்டித் தார்தான் மிச்சம் இருந்தது. அதை வழித்து, ‘வெ’யையும் ‘றி’யையும் பிளந்து மேலே ஒரு கூரை போட்டு, ‘ற்’ வைத்தேன். மெல்லியதாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதால் இன்னொரு தடவையும் பூசினேன். தள்ளி நின்று பார்த்துத் தலையாட்டினார்.

“சரி. இப்ப எல்லாத்தையும் அழி.”

“அழிக்கத்தான போறோம், அப்புறம் எதுக்கு சார் ‘ற்’?”

“அழிக்கறதா இருந்தாலும் திருத்திட்டுத்தான் அழிக்கணும்.”

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். எழுத்து போகவில்லை, விரிந்தது. அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. 1952 ஆகஸ்ட் 1-ம் தேதி பெரியார் இந்தி எழுத்தை அழிக்கச் சொன்னபோது ரயில்வே ஸ்டேஷன் போர்டில் தார் பூசிய மாணவர்களில் அவரும் ஒருவராம். “ரயில்வேக்காரன் மண்ணெண்ணெயத் தொட்டுத் துடைச்சான், போயிருச்சு. அது தகரம், மேல எனாமல், ஒண்ணையும் உறிஞ்சாது. இது சுண்ணாம்புச் சுவரு. ஊத்துனதயெல்லாம் குடிச்சுப்புடும்.” நாங்கள் சுவரை அலங்கோலப்படுத்தியதைவிட, மேற்பரப்பு பார்த்துத் தார் பூசத் தெரியவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம் என்று பட்டது.

இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தேன். பொங்கலுக்குள் எழுத்து பழுப்பாகத் திரும்பி வந்தது. தாரில் உள்ள எண்ணெய் சுண்ணாம்பைக் கசிந்து தாண்டிவிடும். நடுவே அலுமினியப் பெயின்ட் மாதிரி ஒன்றை அடித்து அடைத்தால்தான் நிற்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் தலைகாட்டியது ‘ற்’தான். கட்டித் தார், இரண்டு தடவை பூசியது. மூன்று பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு நான் இலவசமாக வெள்ளையடித்தேன். பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ‘ற்’ ஊரிலேயே தங்கிவிட்டது.

இப்போது அறுபது வயதில், கண்ணாடிக் கதவு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன், தலைமையாசிரியர் மாதிரியே. வேப்பங்குச்சி மட்டும் இல்லை.

“வாசி” என்று சொல்லவும் ஆள் இல்லை. வாசிக்கவும் முடியவில்லை. மூன்றாம் மாடிக்காரர் அது ஆங்கில ‘எஸ்’ என்றார். ஐந்தாம் மாடி அம்மா பாம்பு என்றார், பரிகாரம் கேட்கலாமா என்றும் கேட்டார். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் மட்டும், “டேக் அங்கிள். அடிச்சவரோட பேரு” என்றான். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் யாரோ ஒருவர் சுவரில் வேறு யாரோ ஒருவருடைய பெயரை எழுதினோம். இவன் தன் பெயரையே எழுதிக்கொள்கிறான். நாற்பது வருடத்தில் நாடு இந்த அளவுக்காவது முன்னேறியிருக்கிறது. ஒன்றில் மட்டும் பின்தங்கிவிட்டோம்: அந்தக் காலத்தில் அழிக்க வந்தவன்கூட வாசித்துவிட்டுத்தான் அழித்தான்.

தார் காய்ச்சிய கைக்கு இந்த டப்பா வித்தை கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. 1949-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, ரேடியேட்டருக்கான தன் அலுமினியப் பெயின்ட்டை வாடிக்கையாளர்களுக்கு அடித்துக் காட்டுவதற்காக டப்பாவுக்குள் அடைத்தார். ஊர்ச் சுவரெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை. நான் தார் டின்னோடு அலைந்த அதே 1984-ல், நியூயார்க்கில் சுரங்க ரயில்களைச் சுத்தம் செய்ய ஒரு திட்டம் தொடங்கினார்கள். கழுவிய பெட்டியில் மறுபடி யாராவது எழுதினால், அதை அழிக்கும்வரை பெட்டி ஓடாது. எழுதியவன் தன் எழுத்து ஊர்வலம் போவதைப் பார்க்கவே கூடாது. 1989 மே 12-ம் தேதி கடைசிச் சித்திரப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். உடனே பையன்கள் ஜன்னல் கண்ணாடியைக் கீற ஆரம்பித்தார்கள். பெயின்ட்டைத் துடைக்கலாம், கீறலை என்ன செய்வது? கண்ணாடிமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, கீறக் கீற அதை மட்டும் உரித்து மாற்ற வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் இரவு முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் பிளேடோடு இறங்கினேன். துப்புரவு வேலைக்கு வரும் அம்மா என் கையைப் பார்த்தார். எங்களிடம் வருமுன் பத்து வருடம் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களில் கண்ணாடி துடைத்தவர்.

“பிளேடு வேணாம் சார். ஓரத்துல முத்திரை இருக்கு பாருங்க, டஃபன்ட் கிளாஸ். நகப் பாலிஷ் அழிக்கறாங்கல்ல, அந்த மருந்து வாங்கியாங்க. துணில நனைச்சு ஒத்தி வெச்சா ஊறி வந்துரும்.”

மருந்தும் வாங்கி வந்தேன், அசிட்டோன். ஆனால் அதை முதலில் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ப் பலகையில் தேய்த்தேன். நீலம் அதிலும் தெறித்திருந்தது. பலகை கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அசிட்டோன் பெயின்ட்டையும் கரைத்தது, பலகையையும் கரைத்தது. ‘செயலாளர்’ என்பதற்கு எதிரே இருந்த என் பெயர் பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

அடுத்தது வாசல் கல்தூண். பாலிஷ் போடாத கல். அதன் நுண்துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தது. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். அந்த அம்மா சாக்பீஸைப் பொடித்து, பெயின்ட் கரைக்கும் திரவத்தில் குழைத்து அப்பி, பாலிதீன் தாளால் மூடச் சொன்னார். மறுநாள் தாளை எடுத்து அப்பியதை உலரவிட்டார். பொடி நீலத்தை உறிஞ்சிக்கொண்டு பொரிந்து உதிர்ந்தது. இரண்டு அப்பில் கல் வெளுத்தது. சுண்ணாம்புச் சுவர் குடித்ததைச் சாக்பீஸால் திருப்பிக் குடித்திருக்கலாம் என்பது ஒரு தலைமையாசிரியருக்குத் தோன்றாமல் போனதே என்று நினைத்தேன்.

கதவு மிச்சம். அந்த அம்மா சொன்னபடியே துணியை ஒத்தி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. கண்ணாடி எதையும் உறிஞ்சாது. பெயின்ட் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெயர்ப் பலகை செய்த அவமானத்தில் எனக்குத் திரவங்கள்மேலேயே நம்பிக்கை போயிருந்தது. அவர் மாடிக்குப் போன சமயம் பார்த்துப் பிளேடைப் போட்டேன். நீலம் சுருள் சுருளாக வந்தது. பத்து நிமிடத்தில் கதவு பளபளத்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். ஐம்பத்திரண்டு கட்டை விரல்கள்.

சாயங்காலம் மேற்கு வெயில் கதவில் விழுந்தபோதுதான் தெரிந்தது. முன்பு நீலம் இருந்த இடம் முழுக்க முடி போன்ற கீறல்கள். இந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது சூளையின் தூசு அதில் ஒட்டி இறுகிவிடும். அதைப் பிளேடு பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும். போகிற வழியெல்லாம் கோடு. எழுதியவன் துடைத்தால் போகிற மாதிரிதான் எழுதிவிட்டுப் போயிருந்தான். சாகாவரம் கொடுத்தது நான்.

இரவு குழுவில் ஐந்தாம் மாடி அம்மாவிடமிருந்து ஒரு செய்தி: ‘செயலாளர் கவனத்துக்கு. கதவில் யாரோ தாறுமாறாகக் கீறியிருக்கிறார்கள். பிறர் உடமையை மதிக்கத் தெரியாத தலைமுறை!’

‘உடைமை’ என்று திருத்திப் போட்டுவிட்டு, நானும் கட்டை விரலை உயர்த்தினேன்.