வங்கக் கடலுக்குப் பணி நிரந்தரம் வேண்டும்

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
எங்கள் கடலோரப் பேரூராட்சி.

பொருள்: கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவின் ஒரே பணியாளரை நிரந்தரமாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஊரில் சுத்திகரிப்பு நிலையமே இல்லை என்று சிலர் உங்களிடம் மனு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கிழக்கே திரும்பிப் பார்க்காதவர்கள். மின்கட்டணம் கேட்காமல், ஆயுத பூஜைக்குப் பொரிகூட வாங்காமல் இரவும் பகலும் வேலை பார்க்கும் வங்கக் கடலை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஆனால் அந்தப் பணியாளரும் கோடையில் விடுப்பில் போய்விடுகிறார். சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. மழைநீர் வடிகால் என்று நீங்கள் பெயர்ப்பலகை வைத்த கால்வாயிலோ, ஒரு சொட்டு மழையில்லாத அந்த மாதங்களிலும் தண்ணீர் வற்றுவதே இல்லை. அத்தனையும் மணல்திட்டுக்கு இந்தப் பக்கம் கறுத்துத் தேங்குகிறது. அதில் இடுப்பளவு இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் பெண்கள். முழங்கை வரை சொறி. அவர்களையே தரப் பரிசோதகர்களாக அறிவித்துவிட்டால் ஆய்வகச் செலவு மிச்சம்.

செப்டிக் டேங்க் விஷயத்திலும் நமக்கு நிகர் நாம்தான். நம் ஊர் மணலில் நாலடி தோண்டினால் தண்ணீர். அங்கே அடித்தளம் போடாமல் உறை இறக்கி, அதற்கும் வீட்டுவரி ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் தொட்டியும் கிணறும் பூமிக்கடியில் சம்பந்தம் பேசி முடித்துவிடுகின்றன. நிரம்பாத தொட்டி என்று பெருமை பேசுகிறவர் யாரும், உள்ளே போனது எங்கே போனது என்று கேட்டதில்லை.

நிரம்பும் தொட்டிகளுக்கு லாரி வருகிறது, இருட்டிய பிறகு. முகத்துவாரத்தில் குழாயை அவிழ்த்துவிட்ட ஓட்டுநரிடம் நியாயம் கேட்டேன். "எங்க விட்டாலும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதானே சார்?" என்றார். நகரமைப்புத் துறையில் இருக்கவேண்டிய மனிதர்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று ஒன்று வந்தது, தங்கள் அலுவலக அலமாரியிலும் இருக்கும். சுத்திகரிக்காத ஊர்க்கழிவைக் கடலோரத்தில் விடும் வழக்கத்தை இரண்டு ஆண்டுக்குள் ஒழிக்கவேண்டும் என்று அது சொன்னது. அறிவிக்கையின் தேதி 2011 ஜனவரி 6. கெடு 2013லேயே முடிந்தது. தொட்டிக் கசடை எப்படி அள்ளுவது, எங்கே கொட்டுவது என்று தமிழக அரசும் 2014ல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. காகிதத்தில் நமக்குக் குறையே இல்லை.

பாதாள சாக்கடைக்குக் கோடிக்கணக்கில் நிதி வந்தால்தான் முடியும் என்பீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியும் நம்மைப் போலப் பேரூராட்சிதான். தொட்டிக் கசடுக்கென்றே தமிழகத்தின் முதல் சுத்திகரிப்பு நிலையம் 2017ல் அங்கே வந்தது. லாரி நேரே உள்ளே போகிறது. உலர்த்தும் படுக்கைகளில் கசடு காய்கிறது, வடியும் நீர் தனியே தெளிவிக்கப்படுகிறது. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நான் பார்த்தவரை நமக்குப் பஞ்சம் நிதியில் இல்லை, அவசரத்தில்தான்.

ஆகவே, கடலைப் பணி நிரந்தரம் செய்து நிலுவைச் சம்பளம் வழங்குங்கள். அது இயலாதென்றால், ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, லாரிகளை அங்கே திருப்பிவிடுங்கள். வரும் மழைக்காலத்துக்கு முன் பதில் தேவை. 'மனு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் ஏற்கெனவே கைவசம் இருப்பதால், தயவுசெய்து வேறு ஒன்று அனுப்பவும்.

இப்படிக்கு,
முகத்துவாரத் தெருவில் வீட்டுவரி பாக்கியில்லாத ஒருவன்