641 பேரில் ஒருவன்

ஸ்பைக் ஜோன்ஸின் ‘ஹர்’ (2013) பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ‘கம்ப்யூட்டரோடு காதலாம், கர்மம்!’ என்று தலையிலடித்துக்கொண்டவர்களும் உண்டு. அதையும் செல்போனைப் பார்த்தபடியேதான் சொன்னார்கள். நாயகனுக்கு வேலையே, அடுத்தவர்களுக்காக உருக்கமாகக் கடிதம் எழுதிக்கொடுப்பது. அதை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஆளை உலுக்கியது இன்னொரு காட்சி. சுரங்க ரயில் படிக்கட்டில் உட்கார்ந்து, தன்னோடு பேசும்போதே வேறு யாரோடாவது பேசுகிறாளா என்று, தன் காதலியான கம்ப்யூட்டர் குரல் சமந்தாவிடம் கேட்கிறான். 8,316 பேரோடு. சரி, காதல்? 641 பேரிடம்.

கண்ணைத் துடைத்த கட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர், அன்றிரவே தன் செல்போன் குரலிடம், “நான் எத்தனையாவது ஆள்?” என்று கேட்டிருக்கிறார்.

“புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்றதாம்.

மறுபடியும் கேட்டிருக்கிறார்.