மருந்து இருக்குதுங்க மாப்ள, குடிக்கற ஆளுதான் வேற

குதிரை மிரளுதுங்கறீங்க. பார்த்தேனுங்க மாப்ள. நேத்துப் பொழுதோட இட்டேரியில நீங்க அதைப் புடிச்சுக்கிட்டு வந்ததை ஊரே பார்த்துச்சு. யாரு யாரை இழுத்துக்கிட்டு வந்தாங்கங்கறதுலதான் டீக்கடைப் பக்கம் இன்னும் தீர்ப்பாகலை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிச் சந்தையில, அத்தனை கத்தியவார் குதிரையும் மார்வாரிக் குதிரையும் கட்டியிருந்த எடத்துல, வாங்குனா இதைத்தான் வாங்குவேன்னு நின்னு வாங்கீட்டு வந்தீங்க. நல்ல உருப்படிங்க, அதுல குத்தமில்லை. காது ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு நுனியில ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது பாருங்க, கத்தியவார்னா அப்படித்தான் நிக்கோணும். சுழி பார்த்தீங்க, பல்லைப் பார்த்தீங்க, குளம்பைத் தூக்கிப் பார்த்தீங்க, ஓட்டிக் காட்டச் சொல்லியும் பார்த்தீங்க. அந்தக் குதிரை உங்களை மேலயுங் கீழயும் பார்த்துச்சே, அதை மட்டும் நீங்க பார்க்கலை.

இப்ப வந்து, மிரட்சிக்கு ஏதாச்சும் மருந்து உண்டுங்களா, கால்ல கறுப்புக் கயிறு கட்டலாமுங்களா, சுழியில தோஷமுங்களான்னு கேக்கறீங்க. மருந்தெல்லாம் இருக்குதுங்க. குடிக்க வேண்டிய ஆளுதான் வேற.

நேத்து எப்படி வந்தீங்கன்னு சொல்லட்டுங்களா? தோள்பட்டை ரெண்டும் காது மடலை ஒட்டி நின்னுச்சு. கயித்தைத் தாடைக்குக் கீழயே இறுக்கிப் புடிச்சிருந்தீங்க. மிச்சக் கயித்தைக் கையில ரெண்டு சுத்துச் சுத்தியிருந்தீங்க. (அந்தச் சுத்தை மட்டும் இன்னிக்கே விட்டுப்போடுங்க. குதிரை கெளம்புச்சுன்னா வெரலையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுத்தான் போகும். மடிச்சுப் புடிங்க, சுத்தாதீங்க.) மூச்சு விட்ட மாதிரியே தெரியலை. கண்ணு குதிரை மூஞ்சியை விட்டு அக்கட்டால நகரலை. வாய் மட்டும், “ஒண்ணுமில்லடா ராஜா, ஒண்ணுமில்லடா”ன்னு, வைக்கப்போர் தீப்புடிச்சவன் குரல்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு.

அதுக்குத் தமிழ் தெரியாதுங்க மாப்ள. குஜராத்தியுந் தெரியாது. தோள்பட்டை தெரியும். மூச்சுத் தெரியும். கயிறு எந்த முறுக்குல இருக்குதுன்னு தெரியும். ஒண்ணுமில்லைன்னு வாய் சொல்லுது, என்னமோ வருதுன்னு மத்த ஒடம்பெல்லாம் சொல்லுது. அது எதை நம்போணும், நீங்களே சொல்லுங்க.

மாட்டுக்குக் கொம்பு இருக்குது, நாய்க்குப் பல்லு இருக்குது. குதிரையும் ஒதைக்கும், கடிக்கும், இல்லைங்கலை. ஆனா அதோட முதல் ரோசனை ஓட்டந்தான். ஓநாய் திரிஞ்ச புல்வெளியில பொழைச்சு வந்த சாதி அது. நின்னு நிதானமா விசாரிச்சதெல்லாம் எரையாப் போச்சு, ஓடிப் பொழைச்சதோட வாரிசுதான் உங்க கட்டுத்தறியில நிக்குது. மேயற கூட்டத்துல ஒண்ணு தலையைத் தூக்கி ஒடம்பை வெறைச்சுதுன்னா, மத்ததெல்லாம் என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டிருக்காது, தானும் தூக்கும். பக்கத்து ஒடம்புல இருந்துதான் அதுக்குச் சேதி. அப்படிப்பட்டதைக் கூட்டத்தை விட்டுப் பிரிச்சாந்து ஒத்தையில கட்டியிருக்கறீங்க. இப்போதைக்கு அதுக்குக் கூட்டம்னா நீங்க ஒருத்தர்தான். நீங்க வெறைச்சா அது ஓநாயைத் தேடுது. நம்ம ஊர்ல ஓநாய்க்கு எங்க போறது? இட்டேரியில ஒரு சிமெண்டுச் சாக்கு காத்துல பறந்துச்சு, அதையே வெச்சுச் சமாளிச்சுக்கிச்சு.

நாஞ்சொன்னா கெழவன் கதைம்பீங்க. என்ற பேத்தி நாமக்கல்ல கால்நடை டாக்டருக்குப் படிக்கறா, அவ சொன்னதைக் கேளுங்க. சுவீடன் நாட்டுல ஒரு சோதனை பண்ணி 2009-ல எழுதியிருக்கறாங்க. ஆளுககிட்டக் குதிரையைக் கொடுத்து, இந்த எடத்துல இருந்து அந்த எடத்துக்கு 4 தடவை நடத்திக்கிட்டுப் போகச் சொன்னாங்க, இல்லைன்னா ஏறி ஓட்டிக்கிட்டுப் போகச் சொன்னாங்க. மனுசனுக்கும் குதிரைக்கும் நெஞ்சுத் துடிப்பை எண்ற கருவி மாட்டியாச்சு. 4-ஆவது தடவைக்கு முன்னால ஆளுகிட்ட மட்டும், “இந்த வாட்டி நீங்க தாண்டறப்ப அங்க நிக்கறவரு குடையை விரிப்பாரு”ன்னு சொன்னாங்க.

குடை விரியவே இல்லைங்க. அப்படியும் ஆளு நெஞ்சு எகிறுச்சு, கூடவே குதிரை நெஞ்சும் எகிறுச்சு. குதிரைகிட்ட எவன் போய்க் குடைச் சேதியைச் சொன்னான்? ஏறி ஓட்டுனவங்க அந்தத் தடவை வாரைக் கொஞ்சம் குட்டையாப் புடிச்சாங்களாம். கையில புடிச்சு நடத்துனவங்ககிட்ட, வெளியில நின்னு பார்த்தவங்களுக்கு ஒரு வித்தியாசமுந் தெரியலையாம். அத்தனை பேரு கண்ணுக்கும் தப்புன பயம் அதுக்குத் தப்பலை. உங்க பயம் பஸ் ஸ்டாப்புல இருந்தே தெரியுதுங்க மாப்ள.

இதுக்கு மேல ஒரு கூத்து பெர்லின்ல நடந்துச்சு, நூறு வருசத்துக்கும் முன்னால. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன்னு ஒரு கணக்கு வாத்தியார், ஹான்ஸுன்னு ஒரு குதிரை. கூட்டல் கேளுங்க, கழித்தல் கேளுங்க, குளம்பால தட்டித் தட்டி விடை சொல்லும். சனங்க கூட்டங் கூட்டமா வந்து பார்த்தாங்க. 1904-ல ஸ்டும்ப்னு ஒரு பேராசிரியர் தலைமையில குழு போட்டுப் பார்த்துட்டு, பித்தலாட்டம் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அதுவும் நெசந்தான், வாத்தியார் யாரையும் ஏமாத்தலை. அப்பறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்டுன்னு ஒருத்தர் பொறுமையா உக்காந்து நோண்டி, 1907-ல புஸ்தகமாப் போட்டாரு. கேக்கற ஆளுக்கு விடை தெரிஞ்சாத்தான் குதிரைக்கும் தெரியுது. அவருக்குத் தெரியலைன்னா அதுக்குந் தெரியலை. கேக்கறவரைக் குதிரை கண்ணுல படாம மறைச்சாலும் கணக்குத் தப்பிப்போகுது. கேள்வியைக் கேட்டதும் மனுசன் தன்னையறியாம துளி குனியறாரு. தட்டு சரியான எண்ணிக்கைக்கு வந்ததும் மயிரிழை நிமிர்றாரு. நிமிர்ந்தா ஹான்ஸ் காலை நிறுத்துது. அது கணக்கு எங்க படிச்சுது, வாத்தியாரைப் படிச்சிருக்குது.

இதுல எனக்குப் புடிச்ச எடம் எதுன்னா, அத்தனையும் கண்டுபுடிச்ச அந்த ஃபுங்ஸ்ட்டே குதிரை முன்னால நின்னு, தலை அசையாம கேக்கப் பார்த்தாரு. அவராலயே முழுசா அடக்க முடியலை. அவரால முடியாததை, கோழிப்பண்ணையும் பேங்குக் கடனும் வெச்சிருக்கற நீங்க எப்படி அடக்குவீங்க? அதனால நடிப்பை விட்டுப்போடுங்க. நெஞ்சை நிமித்தி, மீசையை நீவி, பயப்படாத மாதிரி நிக்கறீங்களே, அதைப் பார்த்து உங்க சிநேகிதக்காரங்க வேணும்னா ஏமாறுவாங்க.

அமைதியா இருங்கன்னு நாஞ் சொல்லப்போறதில்லை. அப்படிச் சொல்லி யாராச்சும் அமைதியாவாங்களான்னு பார்க்கோணும்னா, கோவமா இருக்கறப்ப உங்க அத்தைகிட்டச் சொல்லிப் பாருங்க. நாஞ் சொல்றது வேற. மனசை அது பாட்டுக்கு விட்டுட்டு ஒடம்புக்கு வேலை கொடுங்க. மூச்சை இழுக்கறதைப் பத்தி வெசனப்படாதீங்க, விடறதைப் பாருங்க. வாய் வழியா, அதுக்குக் கேக்கற மாதிரி நீளமா விடுங்க. தோள் தானா எறங்கும். கண்ணைக் குதிரை மூஞ்சியில இருந்து எடுத்து, போகோணுங்கற வேப்ப மரத்துல வைங்க. கயித்துல ஒரு சாண் தொய்வு கொடுங்க.

இந்தத் தொய்வுதான் உங்களுக்கு உசுரு போற வேலையா இருக்கும், எனக்குத் தெரியும். இறுக்கிப் புடிச்சா நிக்கும்னு நெனைக்கறீங்க. இறுக்கம் வந்தா எதுத்துத் தள்ளறது அதோட சுபாவம். அது 300 கிலோவுக்குக் கொறையாது, நீங்க எத்தனைன்னு சபையில கேக்க மாட்டேன். இழுக்க வேண்டி வந்தா இழுங்க, வேண்டாங்கலை. அது ஒத்தை அடி எடுத்து வெச்ச கணமே விட்டுப்போடுங்க. இழுத்ததுல அதுக்கு ஒண்ணும் ஏறாது, விட்டதுலதான் ஏறும்.

அப்பறம் நீங்க நிக்கற எடம். அதுக்குக் கண்ணு மண்டையோட ரெண்டு பக்கத்துலயும் இருக்குது, சுத்துவட்டம் 360-ல கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். தெரியாத எடம் ரெண்டே ரெண்டு, நெத்திக்கு நேர் முன்னால கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால கொஞ்சம். நீங்க தேடிப்போய் நிக்கறதும் அந்த ரெண்டு எடந்தான். நெத்தியில நெத்தி ஒட்டி செல்ஃபி எடுக்கறீங்க, பேச்சு மூச்சில்லாம பின்னால சுத்திப் போறீங்க. தோள்பட்டைப் பக்கமா, கொஞ்சம் கோணலா வாங்க. நெஞ்சை முழுசாக் காட்டிக்கிட்டு நேரா நடந்தா தள்ளிப் போன்னு அது எடுத்துக்கும். ஒருக்களிச்சு நின்னா கிட்ட வரலாம்னு எடுத்துக்கும். பின்னால போயே ஆகோணும்னா, பேசிக்கிட்டே, புட்டத்து மேல கையை வெச்சபடி ஒட்டி நடங்க. சரியா வந்துச்சுன்னா அதுவே சொல்லும். தலை எறங்கும், வெறும் வாயை மெல்லும், ஒரு பெருமூச்சு விடும். அது வர்ற வரைக்கும் போனை எடுக்காதீங்க.

சாட்டை எடுத்தீங்களாமே? சாக்குக்கு மிரண்டதுக்கு ரெண்டு போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். கிரேக்க தேசத்துல செனோஃபோன்னு ஒரு தளபதி, 2300 வருசத்துக்கு முன்னாலயே குதிரை வளர்ப்புக்குன்னு நூல் எழுதி வெச்சிருக்கறாரு. கோவத்தோட குதிரைகிட்டப் போகவே கூடாதுங்கறாரு. மிரளற பொருளுகிட்ட அடிச்சு நெருக்குனா, இந்த வலியும் அந்தப் பொருளாலதான் வந்துச்சுன்னு அது நெனைச்சுக்கும்னும் சொல்றாரு. ஆகமொத்தம், சிமெண்டுச் சாக்குக் கடிக்கும்னு உங்க குதிரைக்கு நீங்களே பாடம் நடத்தியிருக்கறீங்க. தேசிங்கு ராஜா பாராசாரிங்கற குதிரையை அடக்குன கதையைக் கேட்டு வளர்ந்த சனந்தான் நாமளும், அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். அவருக்குச் செஞ்சிக் கோட்டை இருந்துச்சுங்க மாப்ள. அதோட, 1714-லயே சண்டையில போய்ச் சேர்ந்துட்டாரு.

எல்லாம் உங்க ஒடம்பாலதான்னு நான் அடிச்சுச் சொல்லலை. சேணம் முதுகுல உராயலாம், பல்லுக் குத்தலாம், லாடம் சரியில்லாம இருக்கலாம். வலி இருந்தாலும் மிரளத்தான் செய்யும். டாக்டரை வரச்சொல்லிக் காட்டீருங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க பண்ணையில சாணி வழிக்கற பையன் புடிச்சா எப்படி நிக்குது? ஒத்தைக் காலை மடிச்சு, ஒதட்டைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குது, நான் பார்த்தேன். அவன் என்ன மந்திரமா போட்டான்? அதோட விலை அவனுக்குத் தெரியாது. நீங்க கயித்தைப் புடிக்கறப்ப ரூபாயைப் புடிக்கறீங்க. அதான் கை அப்படி இறுகுது. பேங்க்குல இருந்து போன் வந்த அன்னிக்கு, தீவன விலை ஏறுன அன்னிக்கு எல்லாம் கட்டுத்தறிப் பக்கமே போகாதீங்க. கொள்ளுத் தீவனத்தை அந்தப் பையனே வெப்பான்.

இத்தனையும் பண்ணித் தோள் எறங்கலைன்னா வித்துப்போடுங்க. ஒறம்பரைக்குள்ள சொல்றேன், வெளியாளுக்குக் கொடுத்தீங்கன்னா புரோக்கர் கமிஷன் தண்டம். நானே வெச்சுக்கறேன். சந்தையில கொடுத்ததுல பாதி தர்றேன். மிரள்ற குதிரைன்னு ஊரே பார்த்தாச்சு, அதுக்கு மேல எவன் கேப்பான்? துண்டு இதோ தோள்லதான் கெடக்குது. சந்தை முறைப்படியே துண்டுக்குள்ள வெலை பேசிக்கலாம், கையை உள்ள கொடுங்க. அட, மூச்சை விடுங்க மாப்ள. வெரலு இப்படி நடுங்குச்சுன்னா, நான் பாதியில இருந்தும் எறக்கித்தான் புடிப்பேன்.