கன்சல்டன்ட் தம்பி

கழுத்தில் பட்டை, அதில் தொங்கும் அட்டை, முதுகில் மடிக்கணினிப் பை, சலவை கலையாத சட்டை. டெல்லியில் எந்த அமைச்சகத்தின் வராந்தாவிலும் இவரைப் பார்க்கலாம். வயது இருபத்தாறைத் தாண்டாது. ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சார்பில் அரசு நிர்வாகத்தைச் சீரமைக்க வந்திருக்கிறார். பிரிவில் இவருக்குப் பெயர் 'கன்சல்டன்ட் தம்பி'.

தம்பி உள்ளே நுழைய ஒரு சடங்கு உண்டு. துறையிடம் தேவையான நிபுணத்துவம் இல்லாதபோதுதான் வெளி ஆலோசகரை அமர்த்தலாம் என்கின்றன 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். ஆகவே, எங்களுக்கு இது தெரியாது என்று துறையே முதலில் கோப்பில் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதுகிறவர் முப்பது வருஷமாக அதே வேலையைப் பார்த்துவரும் பிரிவு அலுவலர். 'இப்பொருளில் போதிய அனுபவம் இங்கு இல்லை' என்று பிழையின்றி, விதி எண்களோடு எழுதிக் கொடுப்பார். அவ்வளவு அனுபவம்!

டெண்டரில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். தரத்துக்கு 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அளவுக்கு மிஞ்சிய தரம் ஆபத்து போலும். விண்ணப்பத்தோடு வந்த சுயவிவரங்களில் எல்லாம் நரைத்த தலைகள். ஆர்டர் கைக்கு வந்ததும் வருபவர் தம்பி. கேட்டால், "டீம் லீடர் ஆன்லைன்ல இருக்காரு சார்."

வந்தவர் நேரே போவது அந்தப் பிரிவு அலுவலரிடம்தான்.

"சார், இந்த ப்ராசஸ்ல உங்களுக்கு பெயின் பாயிண்ட் எது?"

"முழங்கால்தான் தம்பி. ஒரு வாரமா லிஃப்ட் ஓடல."

அதையும் தட்டச்சு செய்துகொள்வார். அறிக்கையில் அது 'செங்குத்து நகர்வில் இடையூறு' என்று இரண்டு அம்புக்குறிகளோடு வந்து நிற்கும்.

டீ இரண்டாவது சுற்று வரும்போது பெரியவர் மனம் திறப்பார். கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது, எந்தப் படிவம் வீண், எல்லாம் சொல்வார். இதையே சொல்லி அவர் எழுதிய குறிப்பு என்றோ அலமாரிக்குள் போய்விட்டது. சார்புச் செயலரைத் தாண்டாத அந்த யோசனை, பவர்பாயிண்டில் ஏறியதும் செயலர் வரை போய் "எக்ஸலன்ட்" வாங்கிவிடும். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தம்பி கொல்லனிடமே ஊசியை வாங்கி அவனுக்கே விற்கிறவர்.

இன்னொரு ரகமும் உண்டு: வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்று மாலை போட்டுக்கொண்டு, திங்களன்று ஆலோசகராக அதே நாற்காலிக்குத் திரும்புகிறவர். இவருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஓய்வூதியத்தைக் கழித்துத்தான் தர வேண்டும் என்று 2020 டிசம்பரில் மத்திய நிதி அமைச்சகம் கடிவாளம் போட்டது. தம்பியின் நிறுவனத்துக்கு அப்படிக் கழிக்க ஏதுமில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. ஆஸ்திரேலியாவில் வரிச் சட்டம் வகுக்க அரசு கலந்தாலோசித்த பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆள் மூலம் ரகசியம் கசிந்து, அந்த வரியிலிருந்து தப்ப நினைத்த கம்பெனிகளுக்கு ஆலோசனையாகப் போனது. 2023-இல் விவகாரம் வெடித்ததும், அந்த நிறுவனம் தன் அரசு ஆலோசனைப் பிரிவையே ஒரு டாலருக்கு விற்றுக் கை கழுவியது.

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. நள்ளிரவுவரை ஸ்லைடு போடுகிற பிள்ளை. நல்ல விதிகளும் இருக்கின்றன: வேலை முடியும்வரை துறை கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைச் செய்யாமல் பில்லில் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். ஆலோசகர் தந்த அறிக்கை எங்கே, அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று ஒரு மனு போட்டுப் பாருங்கள்.