அவசரம் வேண்டாம், சபை நடக்கிறது

நாடாளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று பிரிட்டன் நாடாளுமன்றத்தைச் சொல்வார்கள். அந்தத் தாய் தன்னுடைய பழைய டேட்டாபேஸை அடுப்பில் போட்டு, அதோடு சேர்த்து வீட்டையும் கொளுத்திக்கொண்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

இங்கிலாந்தின் கருவூலம் 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தரவு சேமிப்பு முறையை வைத்திருந்தது. ஒரு மரக்குச்சி. அதில் வெட்டுகள். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறு என்றால் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணியின் பருமன். வெட்டி முடித்ததும் குச்சியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, பணம் கொடுத்தவருக்கு ஒரு பாதி, வாங்கியவருக்கு மறு பாதி. கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்து வைத்தால் மரத்தின் ரேகை பொருந்த வேண்டும். பாஸ்வேர்டு மறக்காது, ஓடிபி வராமல் போகாது. கள்ளக் குச்சி செய்ய நினைப்பவனுக்கு அதே ரேகை ஓடும் இன்னொரு மரத்தை ஆண்டவனே படைத்துத் தந்தாலொழிய வழியில்லை.

முறை என்னவோ நல்ல முறைதான். சிக்கல் என்னவென்றால், காகிதம் வந்தது, அச்சு வந்தது, பேங்க் ஆஃப் இங்கிலாந்து வந்தது, நியூட்டன் வந்து போனார், கருவூலத்தில் மட்டும் ஆட்கள் குச்சியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1780களில் ஒருவழியாக, இதை நிறுத்திவிட்டுக் காகிதத்துக்கு மாறுங்கள் என்று சட்டம் வந்தது. ஆனால் குச்சிக்குப் பொறுப்பாகப் பழைய பதவிகளில் சில கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மனம் நோகலாமா? ஆகவே அவர்கள் இறந்த பிறகோ ஓய்வுபெற்ற பிறகோ புதிய முறை அமலுக்கு வரும் என்று ஏற்பாடு. சாப்ட்வேர் மாற்றத்துக்கு எமனைத் திட்ட மேலாளராகப் போட்ட ஒரே அரசு அதுவாகத்தான் இருக்கும். எமனுக்கும் அவசரமில்லை. 1826 வரை குச்சிதான்.

1834இல் இரண்டு வண்டிக் குச்சி மிஞ்சியிருந்தது. இடத்தை அடைக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று உத்தரவு. அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் குளிர்காலத்துக்கு ஆகியிருக்கும். இளமையில் நாடாளுமன்ற நிருபராக இருந்த சார்லஸ் டிக்கன்ஸ் 1855இல் ஒரு கூட்டத்தில் இதைத்தான் சொல்லிக் கிண்டல் செய்தார். ஆனால் அரசாங்கச் சொத்தை அரசாங்கமே எரிப்பதுதான் மரபு என்று மேலிடம் முடிவெடுத்து, பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த கணப்பு உலைகளில் போடச் சொன்னது.

அக்டோபர் 16. காலையிலிருந்து இரண்டு தொழிலாளிகள் உலையில் குச்சியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் சபையைச் சுற்றிப்பார்க்க இருவர் வந்தார்கள். சுவரில் தொங்கிய புகழ்பெற்ற திரைச்சீலைகள் புகையில் சரியாகத் தெரியவில்லை. தரையின் சூடோ பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலுக்கு வந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட மிஸஸ் ரைட் என்ற அம்மாள், என்னப்பா இவ்வளவு புகை என்று கேட்டனுப்பினார். உத்தரவு, முடித்தாக வேண்டும் என்று பதில் வந்தது. சாயங்காலம் எல்லாரும் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆறு மணி வாக்கில் தீ. விடிந்தபோது பிரபுக்கள் சபையும் இல்லை, காமன்ஸ் சபையும் இல்லை; வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் தப்பியது. உயிர்ச்சேதம் இல்லை. ஓவியர் டர்னர் தேம்ஸ் கரையில் நின்று ரசித்துப் பார்த்துவிட்டுப் போய் இரண்டு ஓவியம் தீட்டினார். வரலாற்றிலேயே பெரிய முட்டாள்தனங்களில் இது ஒன்று என்று பிரதமர் மெல்போர்ன் தீர்ப்புச் சொன்னார். பழைய டேட்டாவை அழிக்கும்போது சர்வர் அறையைக் கொளுத்தக் கூடாது என்ற விதி அன்றிலிருந்து உலகெங்கும் ஓரளவு கடைப்பிடிக்கப்படுகிறது.

இது ஹார்ட்வேர் கதை. உறுப்பினர்கள் பேசியதைப் பதிவு செய்த கதை இதைவிட விசேஷம்.

18ஆம் நூற்றாண்டில் சபையில் பேசியதை வெளியே அச்சிட்டால் உரிமை மீறல். 1738இல் காமன்ஸ் சபை அதை மறுபடி ஒரு முறை அழுத்திச் சொன்னது. வாக்காளர் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அனுப்பப்பட்டவன் என்ன பேசினான் என்று மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது. பத்திரிகைக்காரர் சும்மா இருப்பாரா? எட்வர்ட் கேவ் நடத்திய ஜென்டில்மேன்ஸ் மேகஸின், கலிவர் போன லில்லிபுட் தேசத்து நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் என்று போட ஆரம்பித்தது. பிரதமர் வால்போல் அதில் ‘வேலெலாப்’ ஆனார், உறுப்பினர் பிட் ‘ப்டிட்’ ஆனார். யாருக்கும் புரியவில்லை என்று சபை நம்பியது.

அந்த உரைகளைச் சில வருடங்கள் எழுதியவர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில அகராதி எழுதினாரே, அவரேதான். நாடாளுமன்றத்துக்குள் அவர் போனதே அபூர்வம். இன்னார் பேசினார், இந்தப் பக்கம் பேசினார் என்று யாராவது துண்டுக் குறிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். மீதியை மாடியறையில் உட்கார்ந்து ஜான்சனே பொழிந்துவிடுவார். இன்று ஏஐ செய்யும் வேலையை அன்று ஒரு பெரிய மனிதர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்தார், அவ்வளவுதான். பல வருடம் கழித்து ஒரு விருந்தில், பிட்டின் ஒரு பேச்சு பழைய கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸையே மிஞ்சிவிட்டது என்று ஒருவர் உருகினார். ஜான்சன் நிதானமாக, அதை நான்தான் எக்ஸிடர் தெரு மாடியில் எழுதினேன் என்றார். இரு தரப்புக்கும் நியாயமாக எழுதினீர்களே என்று பாராட்டினார்கள். விக் கட்சி நாய்கள் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்றார். நடுநிலைக்கு அவர் தந்த விளக்கம் அது.

1771இல் அச்சகக்காரர்களைக் கைது செய்யப் போய், லண்டன் மேயரே குறுக்கே நின்று, அவரைச் சிறையில் அடைத்து, ஊரே திரண்டு, கடைசியில் சபை கண்ணை மூடிக்கொண்டது. அச்சிடலாம்; ஆனால் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கக் கூடாது. பேனா எடுத்தால் வெளியே. இந்தத் தடையைத் தாண்டப் பிறந்தவர் வில்லியம் உட்ஃபால். ‘நினைவு’ உட்ஃபால் என்றே பெயர். மணிக்கணக்கில் அசையாமல் கேட்பார், நடுவில் ஒரு அவித்த முட்டை சாப்பிடுவார், பிறகு அலுவலகம் போய் முழு விவாதத்தையும் மனப்பாடமாக எழுதி அச்சுக்குக் கொடுப்பார். மின்சாரம் வேண்டாத, ஒரே முட்டையில் ஓடும் ரெக்கார்டர். ஆனால் ஒரே சர்வரை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் அவரே காட்டினார். ஜேம்ஸ் பெர்ரி என்ற போட்டிக்காரர் நிருபர்களை முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்பினார். ஒருவர் கேட்கும்போது இன்னொருவர் எழுதுவார். மறுநாள் காலையிலேயே பெர்ரியின் பத்திரிகையில் விவாதம் வந்துவிடும். உட்ஃபாலுடையது வந்து சேரும்போது ஊர் அதைப் பேசி முடித்திருக்கும். ஆள் அசாத்தியம், அமைப்பு பலவீனம்.

இன்று உலகமே மதிக்கும் ஹான்சார்ட் அவைக்குறிப்பும் கடனில் பிறந்ததுதான். வில்லியம் காபெட் என்ற கலகக்காரப் பத்திரிகையாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய வெளியீடு அது. ராணுவத்தில் சவுக்கடி கொடுப்பதைக் கண்டித்து எழுதிச் சிறைக்குப் போனார், கடன் கழுத்தை நெரித்தது, 1812இல் தமக்கு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாமஸ் ஹான்சார்டிடம் அதை விற்றார். உழைத்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. காமன்ஸ் சபை சொந்தமாகச் சம்பளம் கொடுத்து நிருபர்களை வைத்துக்கொண்டது 1909இல்தான். அதுவரை தாங்கள் என்ன பேசினோம் என்று உறுப்பினர்களே வெளியாள் அச்சிட்டதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, பேச்சு போகட்டும். வாக்கு?

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 1869 ஜூன் 1ஆம் தேதி தாமஸ் ஆல்வா எடிசனுக்கு வாழ்க்கையின் முதல் காப்புரிமை கிடைத்தது. பல்ப் அல்ல, போனோகிராப் அல்ல; சட்டமன்ற வாக்குப்பதிவு எந்திரம். உறுப்பினர் இருக்கையில் உட்கார்ந்தபடி ஆம் அல்லது இல்லை பக்கம் ஸ்விட்சைத் திருப்புவார். ரசாயனம் தடவிய காகிதத்தில் மின்சாரம் பாய்ந்து அவர் பெயர் பதியும். மொத்தக் கணக்கை முள் காட்டும். பெயர் கூப்பிட்டு, பதில் கேட்டு, பேனாவால் எழுதும் மணிக்கணக்கான வேலை நிமிடத்தில் முடியும். 22 வயது எடிசனுக்குப் பெருமை தாங்கவில்லை. தந்தித் துறை நண்பர் டெவிட் ராபர்ட்ஸ் நூறு டாலர் போட்டுப் பங்கு வாங்கி, எந்திரத்தை வாஷிங்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

காங்கிரஸ் குழுத் தலைவர் பொறுமையாகப் பார்த்தார். பூமியில் எங்களுக்கு வேண்டவே வேண்டாத கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக எடிசனே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தார். ஏன்? சிறுபான்மைக் கட்சியிடம் இருக்கும் ஒரே ஆயுதம் தாமதம். பெயர் கூப்பிடும் அந்த நேரத்தில்தான் ஒருவரை நடைபாதையில் ஒதுக்கிப் பேசலாம், மிரட்டலாம், மயக்கலாம், ஊருக்கு ஒரு பாலம் தருவதாகச் சொல்லி வாக்கை மாற்றலாம். அந்த நேரத்தை எந்திரம் விழுங்கிவிட்டால் பிறகு அரசியல்வாதி எங்கே அரசியல் செய்வது? இனி யாருக்கும் வேண்டாததைக் கண்டுபிடிப்பதில்லை என்று எடிசன் முடிவெடுத்தாராம். பல்புக்காக உலகம் அந்தக் குழுத் தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1917இல் விஸ்கான்சின் மாநில அவை மின் வாக்குப்பதிவு எந்திரத்தை மாட்டியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எலக்ட்ரானிக் வாக்கெடுப்பு வந்தது 1973 ஜனவரியில். எடிசனின் காப்புரிமைக்கு 103 வயது. எடிசன் போய்ச் சேர்ந்து 41 வருடம். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாடு, அனுப்பி ஏறக்குறைய நான்கு வருடம் கழித்துத்தான் தன் உறுப்பினர்களைப் பொத்தான் அழுத்த வைத்தது. செனட் இன்றும் அசையவில்லை. நூறு பேரின் பெயரையும் எழுத்தர் வாய்விட்டுப் படிக்கிறார்.

பொத்தான் வந்த இடங்களிலும் மனிதன் தோற்கவில்லை. டெக்சஸ் சட்டமன்றத்தில் வெளியே போன உறுப்பினரின் பொத்தானைப் பக்கத்து இருக்கைக்காரர் அழுத்துவது சர்வசாதாரணம். 1991இல் ஓர் உறுப்பினர் தம் வீட்டில் இறந்து கிடந்திருக்கிறார். சபையிலோ அவர் பெயரில் வாக்குகள் விழுந்துகொண்டிருந்தன. செத்தவர்கள் வாக்களிப்பது தேர்தலில்தான் என்று நினைத்திருந்தோம்.

மறுபடி லண்டன். தீயில் ஒரு நன்மை நடந்தது. பழைய சபையில் வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், மறு தரப்பு லாபிக்கு வெளியேற வேண்டும். உட்கார இடம் போய்விடுமே என்று எழுந்திருக்காமல் கொள்கையை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு என்பார்கள். எரிந்தபின் 1836இல் தரப்புக்கு ஒன்றாக இரண்டு லாபி வந்தது. எல்லாரும் எழுந்து நடந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்ற பட்டியலை எழுத்தர்கள் குறித்தார்கள், அது அதிகாரபூர்வமாக அச்சானது. இன்றும் அதே நடை. மணி அடிக்கும், எட்டு நிமிடத்தில் கதவைப் பூட்டுவார்கள். சுற்றுவட்டார மதுக்கடைகளில்கூட அந்த மணி மாட்டியிருக்கிறது. தொழில்நுட்பத்தை எங்கே பொருத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை.

2020இல் கொரோனா வந்து மே மாதம் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாக்களித்தார்கள். இரண்டாவது நாளே நிதியமைச்சர் ரிஷி சுனக் தவறுதலாகத் தம் அரசுக்கே எதிராக வாக்களித்துவிட்டதாகச் செய்தி வந்தது. கொறடாவின் கண்பார்வைக்கு ஈடான செயலி இன்னும் வரவில்லை. சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாரையும் நேரில் வரச் சொன்னார்கள். ஜூன் 2ஆம் தேதி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசை கட்டி எம்பிக்கள் வாக்களித்தார்கள். அதே மாதம், சராசரி வயது எழுபதைத் தொடும் பிரபுக்கள் சபை அமைதியாக ஆன்லைன் வாக்கெடுப்புக்கு மாறியது. தாத்தாக்களுக்கு வந்தது பேரன்களுக்கு வரவில்லை.

நிறைவேறிய சட்டத்தைச் சேமிப்பதும் தனிக் கதை. பல நூற்றாண்டுகளாகத் தோலில் எழுதிச் சுருட்டி வைத்தார்கள். 1821ஆம் வருடத்து நிலவரிச் சட்டச் சுருள் ஒன்று 348 மீட்டர் நீளம். கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் போட்டு உருட்ட வேண்டும். 1849க்குப் பிறகு அது கன்றுத்தோல் புத்தகம் ஆனது. 2016இல் பிரபுக்கள் சபை, போதும், நல்ல காகிதத்துக்கு மாறுவோம் என்றது. காமன்ஸ் சபை கொதித்தெழுந்து 117க்கு 38 என்று வாக்களித்துக் கன்றுத்தோலைக் காத்தது. கடைசியில் உள்ளே காகிதம், அட்டை மட்டும் தோல் என்று சமரசம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இதையெல்லாம் வைத்து அரசியல்வாதிகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த எந்திரம் தங்கள் கையிலிருக்கும் தாமதத்தைப் பிடுங்கும் என்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தாமதத்தில் பாதி ஜனநாயகத்துக்குத் தேவையானது, பாதி அவர்களுக்குத் தேவையானது. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்ல மட்டும் விடமாட்டார்கள். சுமையைத் தூக்கியவர்கள் எப்போதும் பின்வரிசை ஆட்கள்தான்: குச்சி வெட்டியவர், உலையில் போட்டவர், முட்டை தின்று மனப்பாடம் செய்தவர், நூறு பெயரை வாய் வலிக்கப் படிக்கிறவர்.

ஆகவே, ஏதாவது ஒரு சட்டமன்றத்துக்குப் புதிய செயலி விற்கக் கிளம்பும் தம்பி, தங்கையருக்கு ஒரு சொல். எவ்வளவு நிமிடம் மிச்சமாகும் என்று முதலில் உறுப்பினரிடம் சொல்லிவிடாதீர்கள். அதைக் கடைசி மேஜை எழுத்தரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு டீயாவது வாங்கித் தருவார்.