உள்ளே என்ன இருக்கு?

கோட்டை எதுவானாலும் வாசலில் அவர் நிற்பார். டிக்கெட் கவுண்டருக்குச் சற்றுத் தள்ளி, கட்டணப் பலகைக்கு எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. வரிசையில் சேர மாட்டார். வெளியே வருகிறவர்களில் மிகவும் களைத்துப்போன முகமாகப் பார்த்து நிறுத்துவார்.

"உள்ளே என்ன சார் இருக்கு?"

களைத்த முகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்கி, தண்ணீர் பாட்டிலும் காலியாகி வருகிற மனிதர் "ஒண்ணுமில்லை சார், எல்லாம் கல்லுதான்" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே நம்மவர் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்திருக்கிறார்.

அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. வாடகைக் காருக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர். பரனூரிலும் ஆத்தூரிலும் ஃபாஸ்டேக் பணத்தை எடுத்துக்கொண்டபோது ஏனென்று கேட்காதவர். திண்டிவனத்தில் எல்லோருக்கும் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்து, சர்வருக்குத் தனியாக ஐம்பது ரூபாய் வைத்தவர். தலைக்கு 25 ரூபாய் என்று செஞ்சிக் கோட்டைப் பலகையில் பார்த்தபோதுதான் அவருக்குள் இருந்த ஆடிட்டர் விழித்துக்கொண்டார். அதற்கு அவரிடம் காரணமும் உண்டு: நெய் ரோஸ்ட் வயிற்றுக்குள் போய்விட்டது, நம்மோடு வருகிறது. கோட்டை அங்கேயேதானே நிற்கப் போகிறது?

"ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு மதிலை மட்டும் பார்த்துட்டா போறது?" என்கிறார் மனைவி.

"மதிலுக்குக் காசு இல்லையே" என்கிறார் இவர். தகவலாகத்தான் சொல்கிறார்.

அடுத்த கட்டம், பேச்சுவார்த்தை. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்று பலகை சொல்கிறது. அரும்பு மீசையோடு நிற்கும் மூத்த பேரன் திடீரென்று ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கப்படுகிறான். "கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா." அவன் வெட்கத்தில் தானாகவே குனிந்துதான் நிற்கிறான். பிறகு, செல்போன் வழியாகப் பணம் கட்டினால் டிக்கெட்டுக்கு 5 ரூபாய் குறைவு என்று கண்ணில் படுகிறது. மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை. போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தபடி புளியமரத்தைச் சுற்றி வருகிறார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் இந்தக் கோட்டையை முற்றுகையிட வந்து, உள்ளே நுழைவதற்கு 1698 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய படைக்கே அத்தனை வருஷம். நம்மவருக்கு இருபது நிமிடம்கூட ஆகக் கூடாதா என்ன?

கடைசியில் அவரை உள்ளே தள்ளுவது வரலாறு அல்ல, பலகையின் இன்னொரு வரி: வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். அதைப் படித்ததும் முகம் மலர்கிறது. "பார்த்தியா, 300 ரூபா சரக்கு! நமக்கு 25க்குக் கிடைக்குது. தலைக்கு 275 லாபம்." ஐந்து பேருக்கு 1,375 ரூபாய் சம்பாதித்துவிட்ட நிறைவோடு பர்ஸை எடுக்கிறார். மாமல்லபுரத்திலும் இதே நடந்தது. அங்கே நமக்கு 40, அவர்களுக்கு 600. அன்று மாலை முழுக்க ஜெர்மானியர் ஒருவரைப் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் கைக்கு வந்ததும் அவர் வேறு ஆள். போட்ட பணம் முதலாக வேண்டும். நாமெல்லாம் படமெடுத்துவிட்டுக் கடந்துபோகும் கல்யாண மகாலின் அடுக்குகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணுவார். நெற்களஞ்சியத்துக்குள் தலையை நீட்டி எத்தனை மூட்டை பிடிக்கும் என்று யோசிப்பார். யானைக்குளத்தில் இறங்கும் வழியைத் தேடுவார். தொல்லியல் துறைப் பலகையை முதல் வரியிலிருந்து, சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி என்ன தண்டனை என்பதுவரை குடும்பத்துக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். பிறகு ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். மூட்டுவலிக்குப் போன வாரம்தான் டாக்டரைப் பார்த்தவர். "டிக்கெட்டில் உச்சியும் சேர்த்திதானே!" என்று ஏறிவிடுவார்.

மனைவியும் மருமகளும் கீழே மரநிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் குரங்கு வந்து சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். இறங்கி வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த 20 ரூபாயையும் கோட்டையின் பற்றுக்கணக்கில் எழுதுவார். "சரி, கிளம்பு. இதே டிக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரியும் உண்டு."

மதுரையில் இவருடைய வாதம் கொஞ்சம் சட்டப்பூர்வமானது. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் மிச்சம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அப்ப கால் டிக்கெட்தானே போடணும்?" பத்மநாபபுரம் அரண்மனையில் அது மாநிலப் பிரச்சினை. அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரளத்திடம். நம் மண்ணிலேயே நம்மிடம் அவர்கள் வசூலிப்பதா என்று அவர் பொங்கியது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்தபோது அவர் முகத்தில் தெரிந்த சாந்தத்தை வேறெந்த வாசலிலும் நான் பார்த்ததில்லை.

ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மட்டும் கொஞ்சம் திணறுவார். பூ வீட்டிலும் பூக்கிறது, புல் ரோட்டோரத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கே 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று கிடக்கிறது. கட்டணத்தை 2 கோடியால் வகுத்துப் பார்த்து, ஆண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று கண்டு வாயடைத்துப்போனார்.

இலவச நாட்கள் அவருக்கு மனப்பாடம். உலகப் பாரம்பரிய நாளான ஏப்ரல் 18இலும், பாரம்பரிய வாரம் தொடங்கும் நவம்பர் 19இலும் தொல்லியல் துறை டிக்கெட் இல்லாமல் திறந்துவிடுவது வழக்கம். சித்திரை வெயிலில், நெருப்பாய்ச் சுடும் பாறையில் ஏறி 25 ரூபாய் மிச்சம் பிடித்தவர், கீழே வந்து இரண்டு இளநீர் குடித்தார். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மருத்துவச் செலவு.

இவரைக் கேலி செய்தாலும், கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு டீயும் இரண்டு வடையும் செஞ்சி டிக்கெட்டின் விலைக்கு வந்துவிடும். மூன்று மலைகளை வளைத்து ஓடும் மதிலில் செடி வேர்விடாமல் பார்த்துக்கொள்ளவே அது காணாது. அதனால் கட்டணம் அதிகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் காசு கொடுத்து வருகிறவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு தாள், உச்சிக்குப் போகும் வழியில் ஒரு குடம் தண்ணீர், இதைக் கேட்க உரிமை உண்டு. அதைக் கேட்கும் ஒரே ஆள் இவர்தான். 2025இல் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஊரே கைதட்டியது. "இனிமே விலையை ஏத்திடுவான்" என்றார் இவர்.

அவரை நான் முழுதாகப் புரிந்துகொண்டது வேலூரில். கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது. சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேசுவரர், 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம். பத்தே நிமிடம். அகழியைப் பார்த்து "தண்ணி இருக்கு" என்றார், காரில் ஏறிவிட்டார். பிடித்தெடுக்க வேண்டிய காசு எதுவும் உள்ளே கிடக்கவில்லையே.

செஞ்சியைப் பார்த்த கையோடு புதுச்சேரிக்குப் போனோம். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொன்னேன். நின்றார். சிலையைச் சுற்றி எங்காவது கவுண்டர் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"அப்ப அங்கே நமக்குக் காட்டினது இதெல்லாம் போக மிச்சமா? கவுண்டர்ல இருந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னானா?"

தூண்களின் பக்கம் அதற்குமேல் திரும்பவில்லை. சுண்டல் விலை விசாரிக்கப் போய்விட்டார்.