அட்மின் மட்டுமே பேசலாம்

காலை ஆறே முக்காலுக்குப் பள்ளியின் வாட்ஸாப் குழு கூவுகிறது. பெங்களூரில் சேவலுக்கு வேலை போய்ப் பல வருஷமாகிறது. 'அன்புள்ள பெற்றோர்களே' என்று ஆரம்பம். அன்பு அந்த ஒரு சொல்லோடு சரி. இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள், தவறினால் நாள் கணக்கில் அபராதம். புதன்கிழமை நீல நாள், பிள்ளை நீலச் சட்டையில் வர வேண்டும். சனிக்கிழமை கண்காட்சி; எரிமலையைப் பிள்ளை தானே செய்து கொண்டுவர வேண்டும். வெள்ளி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு அப்பாக்கள் சமையல் சோடா தேடிக் கிளம்பியதைப் பார்த்து எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி பயந்தே போனார்.

பஸ் கட்டணம் ஏன் கூடியது என்று கேட்கலாமென விரலைக் கொண்டுபோனால், அடியில் ஒரு வரி: அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கல்வியாளரும் சொன்னதில்லை.

வாய் திறக்க ஒரு நாள் உண்டு, பி.டி.எம். எனும் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு. ஆளுக்கு ஏழு நிமிஷம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாற்காலியில் முட்டி மோவாயை இடிக்க உட்கார்ந்தேன். "உங்க பையன் கிளாஸ்ல ரொம்பப் பேசுறான் சார்" என்றார் மிஸ். பேசட்டும், எங்கள் குடும்பத்தில் அந்தக் கட்டடத்துக்குள் பேச முடிந்தவன் அவன் ஒருவன்தான். பஸ் கட்டணத்தைக் கேட்டேன். "அது ஆபீஸ்ல கேளுங்க." ஆபீசில் கேட்டேன். "மேனேஜ்மென்ட் முடிவு." மேனேஜ்மென்டைக் கண்டவர் இல்லை. கடவுளைப் போலத்தான், உண்டியல் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

மிஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் ஒரு குழு இருக்கிறது. அதிலும் அட்மின் மட்டுமே பேசலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மட்டும் விலக்கு. அதாவது, லட்சக்கணக்கில் கட்டுகிறவனுக்குக் கமிட்டியில் முக்காலி கூடக் கிடையாது. கட்டணமே இல்லாத பள்ளியில் பெற்றோருக்கு முக்கால்வாசி நாற்காலி. ஏழைக்காவது ஆட்சி கிடைத்ததே என்று சந்தோஷப்படப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அம்மா அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவான எஸ்.டி.எம்.சி.யில் உறுப்பினர். "மீட்டிங்கை பதினோரு மணிக்கு வெப்பாங்கண்ணா. நாலு வீட்டு வேலைய விட்டுட்டுப் போனா அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா? நோட்டை வீட்டுக்கே குடுத்தனுப்பிடுவாங்க. கையெழுத்துப் போட்டுடுவேன்."

"எதுக்கும்மா கையெழுத்து?"

"கன்னடத்துல எழுதியிருக்குமேண்ணா, எனக்கென்ன தெரியும்?"

அவள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெங்களூரை இருபது வருஷமாகக் கூட்டித் துடைக்கிறாள். முக்கால்வாசி ஆட்சி அவள் கையில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு தடவை வீடு வீடாக வரவும் செய்தார்கள். சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காக 2025 அக்டோபர் 8 முதல் 18 வரை கர்நாடகத்தின் அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறையை நீட்டினார்கள். கதவைத் தட்டிய ஆசிரியர் கையில் 60 கேள்விகள். கணக்கெடுப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 'உங்கள் மகளுக்குக் கணக்கு வரவில்லை' என்று சொல்ல ஒருநாளும் வராத வாத்தியாரை, என்ன சாதி என்று கேட்க வாசல்வரை அனுப்பி வைக்கும் திறமையைத்தான் மெச்சுகிறேன்.

தனியார் பள்ளி ஏழைக்குச் செய்தி சொல்லும் விதமே வேறு. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளைத் தனியே அடையாளம் காண, அவர்கள் தலைமுடியைக் கொத்தாகக் கத்தரித்தார்கள் என்று 2012 ஜூலையில் பெங்களூரின் நந்தினி லேஅவுட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. தேசமே கொதித்தது. உங்கள் வீட்டுக்கு என்ன செய்தி என்பதை டைரியில் எழுதவில்லை. பிள்ளையின் தலையில் எழுதினார்கள். தலையெழுத்து என்று நம்மவர்கள் சொல்வதை அப்படியே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள் போல. பிறகு 2019இல் அரசே கைகொடுத்தது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் அந்த இடம் கிடையாது என்று விதி மாறியது. முடியை வெட்டுவானேன்? இனித் தலையே உள்ளே வராது.

பள்ளிக்கூடக் கதவு முன்னறிவிப்பின்றித் திறந்த ஒரு நாள் எனக்கு நினைவிருக்கிறது: 2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 60க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல். வந்து பிள்ளையை அழைத்துப் போங்கள் என்று பள்ளிகள் சொல்ல, போட்டது போட்டபடி ஓடினார்கள் பெற்றோர்கள். ஏழு நிமிஷ டோக்கன் இல்லை, 'ஆபீசில் கேளுங்கள்' இல்லை. டீச்சர்களும் பெற்றோர்களும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். கடைசியில் குண்டு பொய்யென்று ஆனது. அந்தப் பேச்சு மட்டும் நிஜம். அதற்கு ஒரு மிரட்டல் தேவைப்பட்டது.

போன வாரம் மகனின் டைரியில் 'பெற்றோர் கருத்து' என்ற பெட்டி கண்ணில் பட்டது. தீப்பெட்டி அளவு. அதற்குள் குறுக்கி எழுதினேன்: பஸ் கட்டணம் ஏன் கூடியது?

மறுநாள் பதில் வந்தது. சிவப்பு மையில் ஒரு டிக். பக்கத்தில் தங்க நிற நட்சத்திரம் ஒட்டி, 'வெரி குட்'. நாற்பது டைரியை இடைவேளைக்குள் திருத்த வேண்டியவர் என்ன செய்வார்?

எங்கள் வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். சிரித்துவிட்டாள். "அந்த மிஸ்ஸும் என்ன மாதிரிதாண்ணா. படிக்காமத்தான் கையெழுத்துப் போடுறாங்க."